சித்தப்பாவின் டி.வி.யும் என் தவக்காலமும்

பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன்னால் நான் முழங்கால் போட்டதற்குக் கணக்கே இல்லை. பொய் சொன்னது, கோபப்பட்டது, பக்கத்து வீட்டு மார்கரெட்டின் புதுச் செருப்பு அறுந்துபோக வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டது என்று எல்லாவற்றையும் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு பாவத்தை மட்டும் இன்றுவரை சொன்னதில்லை. மறைத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அதை நான் செய்தபோது பங்குச்சாமி இரண்டடி தள்ளி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் முற்பாதி. ஊர் காரைக்கால். எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எனக்குப் படிப்பை விடப் பக்தி அதிகம். பக்தியை விட, என் பக்தியை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதிகம். அந்த வருடம் விபூதிப் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்ததும், தவக்காலம் நாற்பது நாளும் நான் செய்யப்போகும் ஒறுத்தல்களை ஒரு நோட்டில் எழுதினேன். காபி கிடையாது. சர்க்கரை கிடையாது. தலையணை கிடையாது. மின்விசிறி கிடையாது. எழுதி முடித்து, அந்த நோட்டைச் சாப்பாட்டு மேசையின் மேல், எல்லோர் கண்ணிலும் படும் இடமாகப் பார்த்து, மறந்து வைத்துவிட்டுப் போனேன்.

தவம் சுமுகமாகவே நடந்தது. காபிக்குப் பதிலாகச் சுக்குமல்லிக் காபி குடித்தேன் (அது பெயரில் மட்டும்தான் காபி என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்). சர்க்கரைக்குப் பதில் பனங்கற்கண்டு. தலையணைக்குப் பதில் நான்காக மடித்த தாவணி. தாவணி எப்படித் தலையணை ஆகும்? மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கட்டிலைக் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டேன். கடற்காற்று கடவுள் நேரடியாக அனுப்புவது. நடுவில் மின்சாரத் துறை கிடையாது.

வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம், அதாவது கறி தொடக்கூடாது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று எனக்கு வெகுநாளாகவே ஒரு சந்தேகம். கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை அக்கா, தவக்கால வெள்ளிக்கிழமைகளில்தான் எங்கள் வீட்டுக்கு வஞ்சிரமும் இறாலும் கொண்டுவருவார். "விரதத்துல இருக்கீங்க, நல்லதாப் பாத்து எடுத்துக்கிடுங்க" என்பார். சந்தேகம் தாங்காமல் ஒருநாள் பங்குச்சாமியிடமே கேட்டுவிட்டேன்.

"சாமி, ஆட்டுக்கறிய விட்டுட்டு இறால் சாப்பிட்டா அது ஒறுத்தலா?"

சாமி நன்றாகச் சாப்பிடக்கூடிய மனிதர். கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தார்.

"வறுவலா, தொக்கா?" என்றார்.

எங்கள் அப்பாவிடம் இந்த மாதிரிச் சந்தேகம் எதுவும் கிடையாது. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்பார்கள். எந்தெந்த நாட்டிலோ சேற்றிலும் குளிரிலும் கிடந்துவிட்டு வந்ததால், மிச்ச வாழ்க்கையை நாற்காலியில் சாய்ந்தே கழிப்பது என்று முடிவெடுத்திருந்தார். என் நோட்டை எடுத்துப் படித்துவிட்டு, "எனக்குத் தவக்காலமெல்லாம் பட்டாளத்துலயே முடிஞ்சு போச்சும்மா" என்றார். படித்துக்கொண்டே காபியில் இரண்டாவது கரண்டி சர்க்கரையும் போட்டுக்கொண்டார்.

அம்மா படுக்கையில் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் கட்டில், காலில் கட்டு, அசையக்கூடாது. பிறந்ததிலிருந்து ஒரு ஞாயிறு பூசை தவறவிடாத மனுஷி. அந்த வருடம் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. அம்மாவுக்கும் சேர்த்து நான்தான் கோயிலே கதியென்று கிடந்தேன். காலைப் பூசை, மாலை செபமாலை, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, ஞாயிறு ஞானோபதேச வகுப்பு. அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக்கொடுப்பதும் தலை வாரிவிடுவதும் அப்பாவின் வேலையாக இருந்தது.

தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் பாரீசிலிருந்து சித்தப்பா வந்தார். சென்னையிலிருந்து டாக்சியின் பின்சீட்டில் ஏதோ ஒன்றைக் கம்பளியில் சுற்றி, மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டே வந்து இறங்கினார். கம்பளியைப் பிரித்தால் டி.வி. பெட்டி.

"அண்ணிக்குத்தான்" என்றார் சித்தப்பா. "படுத்தே கிடந்தா பொழுது போவணும்ல? இலங்கை டி.வி. நம்ம கடற்கரையெல்லாம் நல்லா எடுக்குதாம். பண்டிகைன்னா பூசைகூடக் காட்டுறாங்களாம்."

அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். "பூசையா? ஈஸ்டருக்குக் காட்டுவாங்களா?"

"காட்டாம?"

அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. நல்ல மகளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். எனக்கு வயிறு எரிந்தது. நாற்பது நாள் முழங்கால் தேயத் தேய நான் சம்பாதிக்கப்போகும் ஈஸ்டரை, இவர்கள் மெத்தையில் படுத்துக்கொண்டு வாங்கிக்கொள்வதா?

"படுத்துக்கிட்டே பூசை பாக்குறதா?" என்றேன். "சாமி அப்பத்தத் தூக்கிக் காட்டுற எழுந்தேற்றம் வரும்போது யாரு முழங்கால் போடுறது? சாமி அங்க ஆசீர்வாதம் குடுத்தா அது கடலத் தாண்டி இங்க வந்து சேருமா? நடுவுல கரண்ட்டு போயிட்டா அது முழுப் பூசையா, அரைப் பூசையா?"

(கேள்விகள் என்னவோ நல்ல கேள்விகள்தான். இன்றைக்கும் எனக்குச் சரியான பதில் தெரியாது. கேட்ட தொனிதான் சரியில்லை.)

"மொதல்ல படம் வரட்டும்மா" என்றார் அப்பா.

படம் வருவதற்கு ஆன்டெனா வேண்டும். மாடியில் நீளமான இரும்புக் குழாயை நிறுத்தி, அதன் தலையில் கம்பிகளைக் கட்டி, இலங்கை இருக்கும் திசைக்குத் திருப்பினார்கள். அப்பா தெருவில் நின்றுகொண்டு பட்டாளத்துப் பழக்கத்தில் பிரெஞ்சில் உத்தரவு போட்டார். மேலே ஏறியிருந்த தெருப் பையன்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாததால் ஆன்டெனா முழு வட்டம் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அங்கேதான் படமும் கிடைத்தது.

ஆனால் என்ன படம்! திரையில் ஒருவர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். முகம் கரி. முடி பஞ்சு. கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் கறுப்பு. கருவிழி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டு. வாசித்து முடித்து எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். பல் வரிசை முழுக்கக் கறுப்பு. அதோடு அவர் கழுத்துவரை மேலே ஏறி மறைந்து, மறுபடி கீழேயிருந்து முளைத்து வந்துகொண்டே இருந்தார். பேச்சுச் சத்தம் இல்லை. 'கொர்ர்ர்' என்று ஓர் உறுமல் மட்டும் வந்தது.

மீன் கூடையோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்த அஞ்சலை அக்காதான் முதலில் பேசினார்.

"ஏங்க, எல்லாரும் மயானத்துலேருந்து எந்திரிச்சு வந்தவங்களாட்டம் இருக்காங்க?"

"பாரீசுல நல்லாத்தான் தெரிஞ்சுது!" என்றார் சித்தப்பா, அழாத குறையாக.

அப்பா பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "கடலத் தாண்டி வருதுல்ல. உப்புக் காத்துல கறுத்திருக்கும்" என்றார்.

எனக்கு மட்டும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. தவக்காலத்தில், செபமாலை நேரத்தில், சௌகரியத்தைத் தேடி வீட்டுக்குள் கொண்டுவந்த பெட்டி. அதற்குள் இருந்து இந்த உருவங்கள். இதைவிடத் தெளிவாக மோட்சத்திலிருந்து எப்படித் தந்தி அடிப்பார்கள்?

"வெள்ளையக் கறுப்பாவும் கறுப்ப வெள்ளையாவும் காட்டுறது யாரு வேலைன்னு தெரியல உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"வக்கீல் வேலை" என்றார் அப்பா.

சித்தப்பா இருந்த இரண்டு வாரமும் தெரிந்த திருகையெல்லாம் திருகிப் பார்த்துவிட்டு, மனம் உடைந்து பாரீசுக்குத் திரும்பிப் போனார். அப்பா சத்தத்துக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தார். டி.வி.க்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்து இலங்கை வானொலியைத் திருப்பிவிட்டார். படம் ஒரு பக்கம் போகும், பேச்சு இன்னொரு பக்கம் போகும். ஒருநாள் கடலோர வானிலை அறிக்கைக்கு ஒரு பெண் அபிநயம் பிடித்து ஆடினாள். இன்னொரு நாள் அரிசியைக் களைந்து உலையில் போடும் ஒரு மாமிக்கு மரண அறிவித்தல் வாசித்தார்கள்.

அம்மா அதையும் விடாமல் பார்த்தார். வேறு என்ன செய்வார்? கூரையில் எத்தனை உத்தரம் என்று எண்ணி முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அம்மாவைப் பிசாசிடம் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே தினமும் மாலையில் டி.வி. போட்டதும் அந்த அறைக்குப் போய், அம்மாவின் கட்டிலை ஒட்டித் தரையில், பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செபமாலை சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு பத்து மணியையும் உருட்டி முடித்ததும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். எதிரி என்ன செய்கிறான் என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

"ரெஜி" என்பார் அம்மா. "அந்தப் பொண்ணு கட்டியிருக்க சேலை என்ன நெறமா இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்?"

"பாத்துத்தான் சொல்லேன்."

திரும்பிப் பார்ப்பேன். "வெள்ளையாத் தெரியுது. அப்ப கறுப்பு. இல்ல, கருநீலமா இருக்கும். பொட்டும் வெள்ளையா இருக்குல்ல? அப்ப பொட்டு செவப்பு. தலையில ஏதோ கறுப்பா வச்சிருக்கா பாரு, அது மல்லிப்பூ."

"ஆமா, மல்லிதான்! எவ்ளோ வச்சிருக்கா பாரேன்!"

இப்படியாகத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் வித்தையில் நான் தேறிவிட்டேன். கறுப்பு வேட்டி கட்டியவர் அரசியல்வாதி. கறுப்பாகச் சொரிவது வெளிச்சம். வெள்ளையாகக் கிடப்பது நிழல். ஒருநாள், பரந்த வெள்ளை வெளியில் கறுப்பு உடை உடுத்த பதினோரு பேர் நின்றார்கள். ஒருவன் தூரத்திலிருந்து ஓடிவந்து ஒளிவீசும் கல் ஒன்றை எறிந்தான். எதிரே ஒருவர் கையில் ஒரு தடியை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக நின்றார்.

"அம்மா!" என்று கத்தினேன். "முடியப்பரைக் கல்லால எறியுறாங்கம்மா!"

கல்லெறிபட்டே உயிரைக் கொடுத்த புனிதராயிற்றே, அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நானும் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். வேதசாட்சி சாகாமல் குறுக்கும் நெடுக்கும் ஓட ஆரம்பித்தபோதுதான் பின்னாலிருந்து அப்பா சொன்னார்.

"கிரிக்கெட்டும்மா அது."

அம்மா சிரித்த சிரிப்பில் கட்டில் குலுங்கியது. "ஐயோ கால் வலிக்குதுடி" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் கையில் செபமாலை மூன்றாவது பத்திலேயே நிற்பது ஞாபகம் வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்து ஞாயிறன்று மாலை பெரிய விபத்து நடந்தது. குருத்தோலைப் பவனியில் வெயிலில் நடந்த களைப்பு. டி.வி.யில் யாரோ கறுப்புத் தண்ணீரில் வெள்ளைப் படகு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டில் விளிம்பில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தால் என் தலை அம்மாவின் தலையணையில் இருக்கிறது. மேலே மின்விசிறி சுற்றுகிறது. அப்பா நீட்டிய டம்ளரை அரைத்தூக்கத்தில் வாங்கிக் குடித்திருக்கிறேன். அது சர்க்கரை போட்ட காபி. ஐந்து வாரக் கோட்டையின் நான்கு சுவர்களும் ஒரே மாலையில் விழுந்துவிட்டன.

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. என் மேல்தான் தப்பு என்று ஒப்புக்கொள்ளும் தைரியம் இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அந்தத் தைரியம் என்னிடம் இல்லை. குற்றவாளி பெட்டிதான் என்று முடிவு செய்தேன்.

பரிசுத்த வாரத்துப் புதன்கிழமை சாயங்காலம் பங்குச்சாமி வந்தார். ஈஸ்டருக்கு முன்னால், படுக்கையில் கிடப்பவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, நன்மை என்னும் பூசை அப்பத்தைக் கொடுப்பதற்காக வீடு வீடாக வருவது வழக்கம். அம்மாவுக்கு எல்லாம் முடிந்தது. அப்பா பிரம்பு நாற்காலியை டி.வி.க்கு நேராக இழுத்துப் போட்டு, சாமி கையில் காபியைக் கொடுத்து, மரியாதைக்காக டி.வி.யையும் போட்டுவிட்டார்.

சாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஏன் சூசை, எல்லாரும் இப்படி இருக்காங்க?"

"உப்புக் காத்து சாமி."

நான் முன்னால் வந்தேன். "உப்புக் காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல சாமி. இது பிசாசு வேலை. நீங்களே பாக்குறீங்கல்ல? மந்திரிச்சு ஓட்டுங்க சாமி."

சாமி ஒரு வாய் காபி குடித்தார். "பிசாசா இருந்தா இதைவிட நல்லாக் காட்டியிருப்பான்மா" என்றார். "ஆள் சேக்கணும்ல அவனுக்கு? இந்தப் படத்தக் காட்டினா எவன் நரகத்துக்கு வருவான்?"

அப்பா சிரித்தார். அம்மா சிரித்தார். சாமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "இப்ப சமையலா காட்டுறாங்க? அந்தச் சட்டியில என்ன, கோழியா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். மேய்ப்பரும் விழுந்துவிட்டார். இனி இந்தப் பங்கைக் காப்பாற்ற நான் ஒருத்திதான் பாக்கி என்று எனக்குத் தோன்றியது. மாதா சுரூபத்துக்குப் பின்னால், பழைய டானிக் பாட்டிலில், போன வருடத்துப் பெரிய சனிக்கிழமையன்று மந்திரித்த தீர்த்தம் இருந்தது. எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போனேன். சூடு வெளியேறுவதற்காக அங்கே வரிசையாகக் கீறல்கள் விட்டிருந்தார்கள். பிசாசு மூச்சு விடும் வழி அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"பிதா" என்று சொல்லி ஒரு துளி தெளித்தேன். "சுதன்" என்று இன்னொரு துளி.

"என்னம்மா பண்றே?" என்று எட்டிப் பார்த்த சாமி, பாட்டிலைப் பார்த்துவிட்டார். "ஏய், ஏய், பாட்டில மூடு!"

அவர் போட்ட சத்தத்தில் கை ஆடிவிட்டது. பரிசுத்த ஆவிக்கு அரைப் பாட்டிலும் உள்ளே போய்விட்டது.

'பட்' என்று ஒரு சத்தம். உள்ளே நீலமாக ஒரு வெளிச்சம். கீறல்கள் வழியாகப் புகை. விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, ரேடியோ வாயை மூடியது. சாமி எழுந்த வேகத்தில் மிச்சக் காபி முழுவதும் அவருடைய வெள்ளை அங்கியில் இறங்கிவிட்டது.

புகையைப் பார்த்ததும் எனக்கு ஆனந்தம். "பாத்தீங்களா, பாத்தீங்களா? போயிருச்சு!" என்று கத்தினேன்.

"ஆமாம்மா" என்றார் அப்பா, அரையிருட்டில். "பீஸ் போயிருச்சு."

அப்போது அம்மாவின் குரல் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை. "ஐயோ, என் ஈஸ்டர் பூசை."

அந்தக் குரலை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மறுநாள் காலை ஹமீது பாயைக் கூட்டிவந்தார்கள். கடைத்தெருவில் ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பவர். பெட்டியின் முதுகைக் கழற்றினார், மோந்து பார்த்தார், விரலால் எதையோ தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புக் கரிக்குதே. கடல்ல கிடல்ல விழுந்துச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். எங்கள் சாமி பழைய முறைப்படி மந்திரிக்கும்போது தீர்த்தத்தில் உப்புச் சேர்ப்பார் என்பதை நான் தலைகுனிந்தபடி விளக்கினேன்.

"வெறுந் தண்ணியா இருந்தா வெயில்ல காய வச்சுப் பாத்திருக்கலாம் தங்கச்சி" என்றார் பாய். "உப்புத் தண்ணி உள்ள எல்லாத்தயும் சேத்து எரிச்சிருச்சு. இனிமே இது பெட்டிதான், டி.வி. இல்ல."

எனக்குக் கடைசியாக ஒரு நப்பாசை. "ஆனா பாய், முன்னாடியே படம் மாத்திமாத்தித்தானே தெரிஞ்சுது? வெள்ளை கறுப்பா, கறுப்பு வெள்ளையா? அது ஏன்?"

பாய் சிரித்துவிட்டார். "பிரான்சுலேருந்து வந்த பெட்டிதானே? அவங்க படம் அனுப்புற முறையே தனி. இங்க வர்றது வேற முறை. அதுக்கு வெளிச்சம்னா இதுக்கு இருட்டு. சத்தமும் எடுக்காது. நம்ம ஊர்லயும் பாண்டிச்சேரியிலயும் பிரான்சு பெட்டி வச்சிருக்கவங்களுக்கெல்லாம் இதே ரோதனைதான். ரெண்டு மூணு சாமான மாத்தினா சரியாயிடும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாலு நாள்ல பண்ணிக் குடுத்திருப்பேனே!"

நாலு நாள். குருத்து ஞாயிறன்று மாலை நான் விழித்தெழுந்து நேராகப் பாயின் வீட்டுக்குப் போயிருந்தால் ஈஸ்டருக்குள் படம் வந்திருக்கும்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதையும் ஓர் ஒறுத்தலாக நோட்டில் எழுதியிருப்பேன். பெரிய வெள்ளியன்று கோயிலில் மூன்று மணி நேரம் முழங்காலில் நின்றேன். ஒரு செபமும் வாய்க்கு வரவில்லை. எனக்குச் சொந்தமான சௌகரியங்களில் ஒன்றைக்கூட நான் உருப்படியாக விடவில்லை. சுக்குமல்லி, பனங்கற்கண்டு, தாவணி, கடற்காற்று என்று எல்லாவற்றுக்கும் மாற்று வைத்திருந்தேன். அம்மாவுக்கு வாய்த்த ஒரே ஒரு சௌகரியத்தை மட்டும்தான் மிச்சம் மீதி இல்லாமல் துறந்திருக்கிறேன்.

ஈஸ்டர் காலை. அப்பா பூசைக்குப் போய்விட்டார். நான் முந்தின நாள் இரவே பாஸ்குத் திருவிழிப்புப் பூசைக்குப் போய் வந்துவிட்டதால் வீட்டில் இருந்தேன். பாய் வந்துபோனதிலிருந்து அம்மாவின் அறைப்பக்கம் தலைவைக்காதவள், கஞ்சியை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா செத்துப்போன பெட்டியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பழக்கம்.

"மணி எட்டாச்சா? இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாங்க" என்றார்.

என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சியைக் கீழே வைத்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆரம்பிச்சுட்டாங்கம்மா" என்றேன். "இப்ப சாமி பீடத்துக்கு வர்றாரு."

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தலையணையைச் சரி செய்துகொண்டார். "என்ன அங்கி போட்டிருக்காரு?"

"வெள்ளை. சரிகைக் கரை போட்டது."

"அப்ப கறுப்பாத் தெரியணுமே?"

"கறுப்பாத்தாம்மா தெரியுது."

"சரி, சொல்லு."

சொன்னேன். என் குரலில் பாட்டையும் பாடினேன் (தெருவில் ஒரு நாய் பதில் சொன்னது). நிருபத்தையும் சுவிசேஷத்தையும் ஞாபகம் இருந்தவரை ஒப்பித்தேன். "இப்ப பிரசங்கம்" என்று தொண்டையைச் செருமினேன்.

"பிரசங்கம் வேணாம்டி" என்றார் அம்மா. "நாப்பது நாளாக் கேட்டாச்சு."

எழுந்தேற்றம் வந்தபோது கரண்டியால் டம்ளரைத் தட்டி மணியடித்தேன். வெறுந்தரையில் முழங்கால் போட்டேன். அம்மா படுத்தபடியே கைகுவித்துக் கண்ணை மூடிக்கொண்டார். அது முழுப் பூசையா, அரைப் பூசையா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆசீர்வாதம் முடிந்ததும் அம்மா கண்ணைத் திறந்தார்.

"ரெண்டு காபி போட்டுக் கொண்டா. ஈஸ்டர் வந்துருச்சுல்ல, நீயும் குடி."

மழைக்காலத்துக்குள் அம்மா ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தார். ரிக்‌ஷாவில் பூசைக்கும் போய்வந்தார். அடுத்த வருடம் ஹமீது பாய் மூலமாகச் சிங்கப்பூர்ப் பெட்டி ஒன்று வந்தது. படம் கண்ணாடி போல இருந்தது. முகம் முகமாக, பல் பல்லாக, சேலை எல்லாம் அதனதன் நிறத்தில். சத்தமும் தெளிவு. கண்டுபிடிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. படிப்பு முடிந்து பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்திருந்தது. மாலையில் திருத்துவதற்குக் கட்டுக்கட்டாக நோட்டுகள் இருக்கும்.

அப்போதுதான் அது ஆரம்பித்தது. நான் நோட்டை விரித்து உட்கார்ந்ததும் அந்த அறையிலிருந்து குரல் வரும்.

"ரெஜி, படம் சரியில்ல. வந்து பாரேன்."

போய்ப் பார்ப்பேன். படம் மேலே ஓடிக்கொண்டிருக்கும், அல்லது இருண்டு கிடக்கும். பின்னால் இருக்கும் திருகைத் திருப்பிச் சரி செய்துவிட்டு எழுந்தால், "இருடி, மறுபடியும் போயிடப் போவுது. கொஞ்ச நேரம் உக்காந்து பாரு" என்பார் அம்மா. உட்காருவேன். மறுநாளும் படம் சரியில்லை. அதற்கு மறுநாளும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹமீது பாயைக் கூப்பிட்டேன்.

பாய் முன்னும் பின்னும் பார்த்தார். "பெட்டி நல்லாத்தானே இருக்கு? யாரோ வேணும்னே பின்னாடி போயித் திருகத் திருப்பி வுடுறாங்க" என்றார்.

வீட்டில் இருந்தது மூன்று பேர். அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா கையிலிருந்த ஊன்றுகோலைப் பார்த்தார். கட்டிலிலிருந்து பெட்டிக்குப் பின்புறம் போக அந்தக் காலுக்கு இருபது எட்டு வேண்டும். திரும்பி வந்து படுக்க இன்னும் இருபது. தினமும் அதை நடந்திருக்கிறார்.

பாயை அனுப்பிவிட்டு, நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன். அம்மா என் பக்கம் திரும்பாமல், "அந்தச் சேலை என்ன நெறம்டி?" என்று கேட்டார். நல்ல மஞ்சளில் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்த சேலையை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மஞ்சளாக இருக்கும் என்று நினைக்கிறேன் என்றேன்.

அன்று முதல் எங்கள் குடும்பத்தில் 'படம் சரியில்ல' என்றால் டி.வி.யைப் பற்றிய பேச்சு இல்லை. கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து நான் அம்மாவுக்கு அப்படிக் கடிதம் எழுதியிருக்கிறேன். அம்மா போன பிறகு ஒருநாள் அப்பா எனக்குப் போன் செய்து இந்த இரண்டே வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அடுத்த பஸ்ஸில் காரைக்கால் போய் இறங்கினேன்.

என் மகள் இப்போது பிரான்சில், தலைப்பிள்ளை வயிற்றில் ஏழு மாதம். வீடு முழுக்கச் சௌகரியம். பொத்தானை அமுக்கினால் ஜன்னல் திரைகூடத் தானாக இறங்குமாம். போன வாரம் போனில் அதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்தி, "அம்மா, படம் சரியில்லம்மா" என்றாள். டிக்கெட் போட்டாயிற்று. தீர்த்தப் பாட்டிலை மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று மருமகன் தனியாகப் போன் செய்து சொன்னார்.